காபிக் கணக்கிலிருந்து கேமராவுக்கு

தனக்கான தொழில் எதுவென்று சின்ன வயதிலேயே தெரிந்துவிட வேண்டும், தாமதமானால் படித்ததெல்லாம் வீண் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். புகைப்படக் கலைஞர் செபாஸ்டியாவோ சல்காடோவின் வாழ்க்கை இதை மறுக்கிறது. 1944-ல் பிரேசிலில் பிறந்த அவர் படித்தது பொருளாதாரம். வேலை பார்த்தது லண்டனில், சர்வதேச காபி அமைப்பில். அலுவலாக ஆப்பிரிக்கா போனபோது மனைவி லெலியாவின் கேமராவையும் கொண்டுபோனார். அறிக்கை எழுதுவதைவிடப் படமெடுப்பதில் மனம் நிறைந்தது. 1973-ல், 29 வயதில், வேலையை விட்டார். ஆனால் பொருளாதாரம் அவரை விடவில்லை. செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தில் 1986-ல் அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். மண் மூட்டையைச் சுமந்து ஏணியேறும் ஆயிரக்கணக்கான மனிதர்கள்! உழைப்பையும் கூலியையும் பற்றி ஆண்டுக்கணக்கில் யோசித்த ஒருவரால்தான் அந்தக் கூட்டத்தை அப்படிப் பார்க்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

நல்ல சம்பளமும் மனைவியின் துணையும் இருந்தவருக்கு இது சரி, வீட்டு வாடகைக்காகத் திருமணப் படம் எடுப்பவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சல்காடோவும் பல ஆண்டுகள் செய்தி நிறுவனங்கள் அனுப்பிய இடத்துக்கெல்லாம் போய்ப் படமெடுத்தவரே. 1981-ல் அமெரிக்க அதிபர் ரீகன் சுடப்பட்டபோது அருகிலிருந்து எடுத்த படங்களை விற்ற பணம், அவர் விரும்பிய ஆப்பிரிக்கப் பணிக்கு உதவியது. பிழைப்புக்கான வேலை அவருடைய தேடலைக் கெடுக்கவில்லை. அதற்குச் செலவுக்குக் கொடுத்தது. உலகத் தொழிலாளர்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1993-ல் வந்தது, வேலையை விட்டு இருபது ஆண்டுகள் கழித்து.