காக்காவும் தாத்தாவும்

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், காக்கா படத்தைப் பார்த்து "தாத்தா" என்றான். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை; டீச்சர் கேட்டால் தலையாட்டல்தான். அம்மாவோ, "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம், தானா சரியாயிடும்"னு இருந்துட்டாங்க.

முதலில் காது பரிசோதனை. பேச்சுப் பயிற்சியில் அதைத் தாண்டிப் போகவே கூடாது. காதில் குறையில்லை. 'க' சொல்ல நாக்கின் பின்பகுதி மேலே எழ வேண்டும். அவனுக்கு நுனி முந்திக்கொண்டது. காக்கா படம், தாத்தா படம் இரண்டையும் வைத்து, நான் சொல்வதைத் தொடச் சொன்னேன். வித்தியாசம் காதுக்குப் பிடிபட்ட பிறகுதான் கண்ணாடி முன் பயிற்சி, தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளிப்பது எல்லாம். சில மாதங்கள் ஆயின. டீச்சரும் "சரியா சொல்லு"ன்னு அதட்டாமல், அவன் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

உங்கள் பிள்ளைக்கும் இப்படி இருந்தால் தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், வட்டார வள மையத்தில் கேளுங்கள். மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் 18 வயது வரை இலவசமாகப் பார்ப்பார்கள். வரும்போது, பிள்ளை வீட்டில் பேசுவதைப் போனில் பதிவு செய்து கொண்டு வாங்க. புது இடத்தில் பல பிள்ளைகள் பேசவே மாட்டாங்க.