கடன்காரனுக்கும் திறக்காத பூட்டு
(யாழ்ப்பாணத்தில் தொழில் செய்யும் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



மலையகத் தோட்டங்களிலிருந்து இங்கு கடை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த பிள்ளைகள் எங்களிடம் கேட்பது இதுதான்: "கடன் கழுத்தை நெரிக்குது. வங்குரோத்து என்று கோட்டில் எழுதிக் குடுத்தா ஈ.பி.எப். காசை எடுக்கலாமா?"

எடுக்க ஏலாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதாகி வேலையை விடவேண்டும். உடல் நிரந்தரமாக இயலாமற் போனாலும், பெண்பிள்ளை கலியாணத்தால் வேலையை விட்டாலும் முன்னதாகவே கிடைக்கும். 10 வருடம் அங்கத்தவராயிருந்து, கணக்கில் 3 இலட்சம் ரூபாயாவது இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 சதவீதம் எடுக்கலாம். கடன் அடைக்க வழியில்லை.

மனம் நோக வேண்டாம். அதே பூட்டுத்தான் கடன்காரனையும் வெளியே நிறுத்துகிறது. வீட்டுக் கடனுக்கு ஈடு வைத்தாலன்றி அவன் அதில் கைவைக்க முடியாது. கடனுக்குத் தவணை கேளுங்கள். முதுமைக் காசைத் தொடாதீர்கள்.

உங்கள் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் மாதாமாதம் விழுகிறதா என்று பாருங்கள். பழைய தோட்டத்து அங்கத்துவ இலக்கத்தைத் தொலைத்துவிடாதீர்கள். "எடுத்துத் தாறன்" என்று வரும் தரகரிடம் அடையாள அட்டையைக் கொடுக்காமல், யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்தில் நேரே கேளுங்கள்.