காடியின் அடியில் ஓடும் குழாய்



சுங்கை சிப்புட், பீடோர் பக்கம் போனால், பழைய புரோட்டோன் சாகா நிற்கும் வாசல்களை இன்றும் பார்க்கலாம். 1985-இல் அறிமுகமான காடி. அப்பா ஓட்டியதை இப்போது மகன் ஓட்டுகிறார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு நாள் பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. குனிந்து பார்த்தேன். பின்சக்கரத்துக்குப் போகும் எஃகுக் குழாயில், கவ்வி பிடித்திருந்த இடத்தில் ஈரக் கசிவு. விரலால் தேய்த்ததும் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

பனி நாடுகளில் சாலையில் தூவும் உப்பு குழாயை அரிக்கும். இங்கே அந்த வேலையைச் செம்மண் செய்கிறது. தோட்டத்துப் பாதையின் சேறு கவ்விக்கும் குழாய்க்கும் நடுவில் அடைந்துகொள்ளும். வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரம் போகாது. மறுநாள் மாலை மழை மறுபடி நனைத்துவிடும். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தைப் பின்பெட்டியில் ஏற்றிய காடி என்றால், சிந்திய துளிகளும் இரும்பைத் தின்னும்.

பிரேக்கில் இரண்டு சுற்று உண்டு. ஒன்று போனாலும் மற்றொன்று கொஞ்சம் பிடிக்கும். "இன்னும் பிடிக்குதே" என்று அதை நம்பி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் வழியை நினைத்துப் பாருங்கள்.

துருப்பிடித்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடாதீர்கள். பலமாக மிதிக்கும்போது குழாய்க்குள் வரும் அழுத்தம், டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல் முப்பது மடங்கையும் தாண்டும். முழுக் குழாயையும் மாற்றுங்கள். தனிச் செம்புக் குழாய் வேண்டாம். அதிர்வில் விரிசல் விடும். செம்போடு பத்து விழுக்காடு நிக்கல் கலந்த குழாய் கேளுங்கள். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். எங்கள் காடிக்கு வேண்டியது 4.75 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள குழாய்.

பழைய நட்டுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். சாதாரணச் சாவி அதன் முனைகளை மழுக்கிவிடும். பிரேக் குழாய்க்கென்றே உள்ள சாவி தேவை. குழாயின் வாயை இரண்டு மடிப்பாக விரிக்க வேண்டும். அதற்கு முன்பே நட்டைக் குழாயில் கோத்துவிடுங்கள். நான் மறந்துபோய், அழகாக விரித்த வாயை வெட்டி எறிந்தேன். வீணான துண்டுகளில் நாலைந்து முறை பழகுங்கள். வாய் கோணலாகவே வந்தால், அந்தக் குழாயைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள், அதில் வெட்கமில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். தாங்கி வைத்த பிறகே படுங்கள்.

கடைசியில் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். பால்மரம் வெட்டி அலுத்த கால்களோடு அம்மா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

"மிதிக்கட்டுமாய்யா?"

"மிதிச்சுப் பிடிச்சுக்குங்கம்மா."

நான் சக்கரத்தருகே உள்ள காற்றுத் திருகைத் தளர்த்துவேன், குமிழிகள் வரும். இறுக்கிய பிறகே அம்மா காலை எடுப்பார். புட்டியில் பிரேக் எண்ணெய் வற்றாமல் பார்த்துக்கொண்டோம். வற்றினால் மறுபடி காற்று புகுந்துவிடும். குமிழி நின்றதும் மிதி கல்லாக நின்றது.

மறுநாள் காலையில், இணைப்புகளின் கீழே விரித்திருந்த அட்டை காய்ந்தே கிடந்தது. வீட்டெதிரே மெதுவாக ஓட்டி நாலைந்து முறை நிறுத்திப் பார்த்தேன். அம்மா சந்தைப் பையோடு வந்து முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.