போதகர் பெயரில் வந்த செய்தி

(நன்கொடையாளர் ஐக்கியக் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



ஆண்டுதோறும் இந்தக் கூடுகையில் வார்டுகளில் நடந்த ஊழியத்தைக் குறித்துப் பேசுவது என் வழக்கம். இந்த முறை கமிட்டியாரிடம் அனுமதி கேட்டு, உங்கள் வங்கிக் கணக்கைக் குறித்துப் பேச வந்திருக்கிறேன். செமினரியில் எங்களுக்கு எபிரெயமும் கிரேக்கமும் சொல்லிக் கொடுத்தார்கள். ஓடிபி என்றால் என்ன என்று சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே நம்முடைய கணக்கு அலுவலரும், சபையில் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவரும் இந்தக் குறிப்புகளைப் படித்துத் திருத்திக் கொடுத்தார்கள். அவர்களுக்கு என் நன்றி.

கடந்த ஆண்டு லெந்து நாட்களில் ஓர் இரவு, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தேன். நம் மருத்துவமனையை நெடுங்காலமாகத் தாங்கி வருகிற ஓர் அம்மையார் போனில் அழைத்தார். எழுபது வயதைக் கடந்தவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவரை இழந்தவர். "ஐயா, அந்தப் பிள்ளை இப்ப எப்படி இருக்கான்? ஆபரேஷன் முடிஞ்சிட்டா?" என்று கேட்டார்.

"எந்தப் பிள்ளை, டீச்சரம்மா?" என்றேன்.

சற்று நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அன்று காலை அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. எண் புதிது, ஆனால் அதில் இருந்த படம் என்னுடையது. நம் ஆண்டுவிழா மலரில் அங்கியோடு நான் நிற்கும் அதே படம். "என் போன் பழுதாகிவிட்டது, இது தற்காலிக நம்பர். மூன்றாம் வார்டில் இருக்கிற பையனுக்கு அவசரமாக ஊசி வாங்க வேண்டும், 18,000 ரூபாய் அனுப்ப முடியுமா?" என்று எழுதியிருந்தது. பையனின் பெயர் சரி, வார்டு சரி, வியாதியும் சரி. அவர் பேரனைக் கொண்டு பணத்தை அனுப்பிவிட்டார். மத்தியானம் மறுபடியும் 22,000 கேட்டது. அதையும் அனுப்பிவிட்டார்.

இனி நான் சொல்வது என் தவறு. அந்த இரவே செய்ய வேண்டியதை நான் செய்யவில்லை. "வருத்தப்படாதீங்க, ஜெபிப்போம், நாளை மறுநாள் கமிட்டி கூடுகிறது, அங்கே பேசிவிட்டுப் புகார் கொடுப்போம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். மருத்துவமனையின் பெயருக்குக் களங்கம் வருமே என்பதுதான் என் மனதில் முந்தி நின்றது. அந்த அம்மையாரும் மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான் என்று பயந்து பேசாமல் இருந்துவிட்டார். மூன்றாம் நாள் புகார் கொடுத்தபோது முதல் தொகை முழுவதும் கைமாறிப் போயிருந்தது. இரண்டாவது தொகையில் 6,500 ரூபாய் மாத்திரம் ஏதோ ஒரு கணக்கில் நின்றது. அதுவும் கைக்கு வந்து சேரப் பல மாதங்கள் ஆயின. முதல் இரவே 1930-க்கு அழைத்திருந்தால் எவ்வளவு நின்றிருக்குமோ, அது எனக்குத் தெரியாது. தூங்காத இரவுகளில் அதை நினைப்பதுண்டு.

ஆகையால் முதலில் அந்த எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 1930. பேனா இருக்கிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். இந்தியா முழுவதும் பணமோசடிப் புகாருக்கான உதவி எண் இது. 2021-இல் 155260 என்ற எண்ணில் தொடங்கினார்கள். பிறகு சுருக்கமாக 1930 ஆக்கினார்கள். பழைய எண்ணை டைரியில் எழுதி வைத்திருப்பவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். இதன் வேலை என்னவென்றால், உங்கள் புகாரைப் பதிவு செய்ததும், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் அனுப்புகிறார்கள். பணம் இன்னும் அங்கே இருந்தால் அது நிறுத்தி வைக்கப்படும். திருடுகிறவன் அதை ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. அங்கிருந்து இரண்டு, மூன்று, பத்து கணக்குகளுக்குப் பிரித்து, ஏதோ ஓர் ஊர் ஏடிஎம்மில் எடுத்துவிடுகிறான். நாம் கமிட்டிக்காகக் காத்திருக்கிற நேரம் அவனுக்குத் தாராளம். அழைக்கும்போது பணம் போன நேரம், தொகை, பரிமாற்ற எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தளத்திலும் புகார் கொடுக்கலாம். அதோடு உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவித்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

வங்கிக்குத் தெரிவிப்பதில் ஏன் அவசரம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையில், உங்கள் சம்மதம் இல்லாமல் கணக்கிலிருந்து பணம் போனால் யார் நஷ்டத்தை ஏற்பது என்று வகுத்துச் சொன்னார்கள். தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியினுடையதும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் செய்தி வந்த 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்கள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்குக்காரர் ஒரு பரிமாற்றத்துக்கு 10,000 ரூபாய் வரை ஏற்க வேண்டி வரும். அதற்கும் பிந்தினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ரகசிய எண்ணை நாமே சொல்லிக் கொடுத்திருந்தால், தெரிவிக்கும் வரையில் போனது நம்முடைய நஷ்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஆகவே, "நான்தானே சொன்னேன், எனக்கு என்ன கிடைக்கப் போகிறது" என்று வாயை மூடிக்கொண்டிருப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. உங்கள் பாஸ்புத்தகத்தைக் கொண்டுபோய், உங்கள் வங்கியின் இன்றைய விதி என்ன என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கில் செய்யப்படும் ஒவ்வொரு பற்றுக்கும் உங்கள் போனுக்குச் செய்தி வருகிறதா என்பதையும் பாருங்கள். பழைய நம்பரைப் பதிவு செய்துவிட்டு மகன் கொடுத்த புது நம்பரை வைத்திருக்கிறவர்கள் நம் நடுவே அநேகர்.

ஏமாந்தவர்களைக் குறித்துப் "பேராசை" என்று முன்பெல்லாம் நானும் பிரசங்கித்திருக்கிறேன். இப்போது அதை நிறுத்திவிட்டேன். அந்த ஆசிரியை எதற்கு ஆசைப்பட்டார்? ஒரு பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான். திருடன் அவருடைய இரக்கத்தைத் திருடினான். வேறு சிலரிடம் பயத்தைக் கொண்டு திருடுகிறான். காவல்துறை உடையில் ஒருவன் வீடியோவில் தோன்றி, "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், போனை வைக்கக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது" என்று மிரட்டுகிறான். நாள்கணக்கில் அறைக்குள் அடைந்து கிடந்து, வைப்புத்தொகையை எல்லாம் மாற்றிக் கொடுத்த படித்த பெரியவர்கள் உண்டு. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27-ஆம் தேதி பிரதமரே தமது வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். எந்த விசாரணை அதிகாரியும் போனில் பணம் கேட்க மாட்டார். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால், அந்த நிமிஷமே வீட்டில் இருக்கிற யாரையாவது சத்தமாகக் கூப்பிடுங்கள்.

பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு நவம்பரில் வேறு விதமாக வருகிறான். "உங்கள் லைஃப் சர்டிபிகேட்டைப் போனிலேயே புதுப்பித்துத் தருகிறேன்" என்று சொல்லி, ஓய்வுபெற்ற தேதி, பென்ஷன் எண் எல்லாம் சரியாகச் சொல்லுவான். இவ்வளவும் தெரிந்தவன் அலுவலகத்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கடைசியில் ஓடிபியைக் கேட்பான். அல்லது ஒரு செயலியை இறக்கச் சொல்லுவான். நம் போனின் திரையை அவன் அங்கிருந்தே பார்க்கும்படி செய்யும் செயலிகள் இருக்கின்றன. கலியாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளும் இதே ஜாதிதான். திறக்காதீர்கள். பணம் பெற்றுக்கொள்ள யூபிஐ பின் எண் தேவையில்லை; அதற்காக அதை அழுத்தச் சொல்லுகிறவன் திருடன். வங்கியின் இணையதளம் என்று வந்தால் அதன் முடிவைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2025 அக்டோபர் முடிவதற்குள் நம் நாட்டு வங்கிகள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது.

ஆதியாகமம் 27-ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு ஏமாந்த சம்பவம் உங்களுக்குத் தெரியும். கண் மங்கிய அந்தப் பெரியவருக்குக் குரலில் சந்தேகம் வந்தது. கேள்வியும் கேட்டார். ஆனால் யாரிடம் சந்தேகம் வந்ததோ அவனிடமே திரும்பவும் கேட்டு, அவன் நீட்டிய கையைத் தடவிப் பார்த்துத் திருப்தியடைந்தார். நாமும் அதையேதான் செய்கிறோம். "நீங்கள் உண்மையிலேயே போதகர்தானா?" என்று அதே நம்பருக்கு எழுதினால் "ஆமாம்" என்றுதானே பதில் வரும்? போனை வைத்துவிட்டு, உங்கள் கையில் முன்பே இருக்கிற எண்ணுக்கு நீங்களாக அழைத்துக் கேளுங்கள். இப்போது கணினியைக் கொண்டு நம் குரலையே உண்டாக்கிவிடுகிறார்கள் என்பதால், என் குரலைக் கேட்டாலும் இதைச் செய்யுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

கை என்றதும் கைரேகையும் நினைவுக்கு வருகிறது. கிராமங்களில் ஆதார் எண்ணும் விரல்ரேகையும் கொண்டு, அட்டை இல்லாமல், ஓடிபி இல்லாமல் பணம் எடுக்கும் வசதி இருக்கிறது. நடக்க முடியாத முதியோருக்கு அது பெரிய உதவி. ஆனால் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையை நகலெடுத்து, போலி விரல் செய்து பணம் எடுத்த வழக்குகள் 2023-இல் மேற்கு வங்காளம் முதலிய மாநிலங்களில் வெளிவந்தன. இதற்கு ஒரு பூட்டு உண்டு. ஆதார் ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ நம் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம். ரேகை வைக்க வேண்டிய நாளில் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். நவம்பரில் பென்ஷனுக்காக ரேகை வைக்கப் போகிறவர்கள் திறந்துவிட்டுப் போங்கள். பூட்டியபடி போய் நின்றுவிட்டு என்னைக் குறை சொல்ல வேண்டாம். ஆதார் நகல் கேட்கிற இடத்தில், கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட நகல் போதுமா என்று கேளுங்கள். முழு நகல்தான் வேண்டுமென்றால், எதற்காகக் கொடுத்தது, என்றைக்குக் கொடுத்தது என்று அதன் குறுக்கே எழுதிக் கொடுங்கள்.

வாலிபப் பிள்ளைகள் இருக்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "உன் கணக்கில் கொஞ்சப் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன்" என்று கல்லூரி மாணவர்களைக் கேட்கிறார்கள். அந்த ஆசிரியையின் பணம் ஓடி மறைந்தது இப்படி வாடகைக்கு விட்ட கணக்குகளில்தான். போலீஸ் முதலில் போய் நிற்பது கணக்குக்காரன் வீட்டு வாசலில்.

இனி நம் மருத்துவமனையின் காரியம். அந்தத் திருடனுக்குப் பையனின் பெயரும் வார்டும் எப்படித் தெரிந்தது? நாம்தான் கொடுத்தோம். ஜெப விண்ணப்பத் தாளில் பெயர், வயது, வார்டு, வியாதி, தேவைப்படுகிற தொகை எல்லாவற்றையும் அச்சிட்டோம். யாரோ அன்பினால் அதைப் படமெடுத்துக் குடும்பக் குழுக்களில் அனுப்பினார்கள். அது எங்கெங்கோ போயிற்று. நோயாளியின் துன்பத்தை அப்படிப் பறைசாற்றியதே தவறு என்பதை, பணம் போன பிறகுதான் நாங்கள் உணர்ந்தோம். ஆகவே இனிமேல் விண்ணப்பத் தாளில் பெயர் வராது. "ஒன்பது வயதுச் சிறுவன், சிறுநீரகக் கோளாறு" என்று மாத்திரம் இருக்கும். பெயர் சொல்லி ஜெபிக்கப் பழகிய சிலருக்கு இது மனக்குறைதான், என்னிடம் சொன்னார்கள். ஆனாலும் கமிட்டியின் தீர்மானம் இது, நானும் அதற்கு உடன்பட்டிருக்கிறேன்.

வரிச் சலுகை ரசீதுக்காக நீங்கள் கொடுக்கும் பான் எண்களும் நம் அலுவலகத்தில் இருக்கின்றன. அவை இப்போது பூட்டிய அலமாரியிலும், இரண்டு பேர் மட்டும் திறக்கக்கூடிய ஒரே கணினியிலும் இருக்கின்றன. எந்த நோயாளிக்காகவும் தனிப்பட்டவர் எண்ணுக்குப் பணம் அனுப்பும்படி நானோ, டாக்டர்களோ, நர்ஸ்களோ கேட்க மாட்டோம். ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மருத்துவமனைக் கணக்கு ஒன்றுதான். அது மாறினால் தபாலில் கடிதம் வரும்.

அந்த ஆசிரியை இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யார் என்று நான் காட்டப் போவதில்லை. இதையெல்லாம் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டபோது, "என் பேரை மட்டும் விட்டுட்டு எல்லாத்தையும் சொல்லுங்க ஐயா" என்றார். காணிக்கையை நிறுத்தவில்லை, இப்போது செக்காக அனுப்புகிறார்.

தேநீர் வேளையில் வராந்தா மேசையில் கணக்கு அலுவலரும் நர்சிங் மாணவிகள் இருவரும் இருப்பார்கள். கைரேகையைப் பூட்டத் தெரியாதவர்கள், ஆதாரில் பதிவு செய்த போனை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். எப்படிச் செய்வது என்று காட்டுவார்கள். ஓடிபி வரும்போது அதை நீங்களே அழுத்துங்கள். அந்தப் பிள்ளைகளிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.