சோர்வு சோம்பல் அல்ல



"கொஞ்ச நேரம் வேலை செஞ்சா போதும், உடனே உட்கார்ந்துடுவான்." ஜொகூரில் கூலாய், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் இந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். உண்மையில் தசை களைப்பது ஏன்? நான் படித்தது தகவல் ஊடகத் துறை. கணக்கு என்றாலே ஒதுங்கிப் போனவள். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குப் பிடித்துவிட்டது.

பொங்கல் விழாவில் கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தசைக்குள் ஆக்டின் என்னும் இழைதான் கயிறு. மயோசின் என்னும் மூலக்கூறுகள் அதைப் பற்றி, இழுத்து, விட்டு, மறுபடியும் பற்றுகின்றன. ஒரு கை எவ்வளவு வேகத்தில் பற்றும், எவ்வளவு வேகத்தில் விடும்? 1957இல் பிரிட்டிஷ் அறிஞர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி இதைச் சமன்பாடாக எழுதி, எந்தக் கணத்தில் எத்தனை கைகள் கயிற்றில் இருக்கும் என்று கணக்கிட்டார். ஏ.வி. ஹில் 1938இல் தவளைத் தசையில் அளந்து வைத்திருந்ததோடு விடை ஒத்துப்போனது.

பின்னால் வந்தவர்கள் களைப்பையும் இந்தக் கணக்கில் சேர்த்தார்கள். லேக்டிக் அமிலம்தான் காரணம் என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? இன்று அதை முதல் குற்றவாளியாக யாரும் நிறுத்துவதில்லை. கடுமையாக உழைக்கும்போது கிரியேட்டின் பாஸ்பேட் உடைந்து, தசைக்குள் பாஸ்பேட் சேர்கிறது. அது சேரச் சேர, பற்றிய கைகள் முழு பலத்தோடு இழுக்காமலே நழுவுகின்றன. வேலை இன்னும் நீடித்தால், 'இழு' என்று கட்டளை கொண்டுவரும் கால்சியமும் குறைகிறது. கைகள் இருக்கின்றன, பிடிதான் இல்லை.

நீண்ட கழியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து செம்பனைக் குலை வெட்டுகிறவரின் தோளிலும் இதுதான் நடக்கிறது. கையைத் தூக்கியபடியே நிறுத்தினால், இறுகிய தசை இரத்தக் குழாய்களையும் நெரித்துவிடும்.

சில நிமிட ஓய்வில் பாஸ்பேட் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. கால்சியம் சீராக மணிக்கணக்கில் ஆகும். சில வேளை ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். ஆகவே தேநீர் இடைவேளை கொடுத்தோமே என்று வார விடுமுறையைப் பறிக்க முடியாது.

நம் முன்னோர் தோட்டத்தில் பட்ட பாட்டை இன்று பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படுகிறார்கள். வெட்டிய எடைக்குத்தான் கூலி என்னும் இடத்தில், இளைப்பாறும் ஐந்து நிமிடமும் அவர்கள் சம்பளத்திலிருந்தே கழிகிறது. அந்த ஐந்து நிமிடத்தையும் கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம்.