அடுத்த வீட்டு உலை
(பழவேற்காடு ஏரிக்கரையில், மீனவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வலையை உலர்த்திவிட்டு வந்திருக்கிறீர்கள். அணுகுண்டுப் பேச்சு நமக்கெதற்கு என்று எண்ணிடலாம். ஸ்ரீஹரிகோட்டாவிலே ராக்கெட் ஏவும் நாளில், 'கடலுக்குப் போகாதே' என்று உங்களைத்தானே தடுக்கிறார்கள்! டச்சுக்காரன் கோட்டை கட்டி வெடிமருந்து செய்ததும் இதே பழவேற்காட்டில்தான்.

பகைநாடு அணுகுண்டு செய்கிறது. முடிக்குமுன் விமானம் அனுப்பி ஆலையை அழித்திடலாமே என்கின்றனர். செவிக்கு இனிக்கும் யோசனை! 1981 சூன் 7ல் ஈராக்கின் ஒசிராக் உலையை இஸ்ரேல் தகர்த்தது. பாகிஸ்தானின் ககூட்டாவை நாமும் தாக்கலாமே என்ற பேச்சு டில்லியிலும் எழுந்தது. தாக்கவில்லை. 1998 மே திங்களில் நாம் பொக்ரானில் வெடித்தோம். அதே திங்களில் அவர்கள் சாகாயில் வெடித்தனர். "அன்றே அடித்திருந்தால் இந்த இடர் ஏது?" என்று மடக்குவோர் உண்டு. வலுவற்ற வாதமென்று நான் அதை ஒதுக்கிடமாட்டேன்.

ஆனால், அடிபட்ட ஈராக் அடங்கியதா? உலை போயிற்று, உள்ளம் மாறவில்லை! வெளிப்படையாக நடந்த வேலை மறைவிலே, முன்னிலும் பெரிதாக நடந்தது. 1991 போருக்குப் பின் சென்ற ஆய்வாளர்கள் தோண்டத் தோண்ட அது வெளிவந்தது. 2025 சூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரானின் நிலையங்கள்மீது குண்டு வீசின. அடுத்த திங்களே, பன்னாட்டு ஆய்வாளருடன் ஒத்துழைப்பதை ஈரான் நிறுத்தி வைத்தது. எட்டிப் பார்க்க இருந்த சன்னலும் சாத்தப்பட்டது!

மேலும், அடிபட்டவன் கைகட்டியா நிற்பான்? மும்பையருகே டிராம்பே இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1983ல் முதல் மின் உலை இயங்கத் தொடங்கிற்று. அன்று அவன் விமானத்துக்கு அது எட்டாத தொலைவு. இன்று ஏவுகணைக்கு எட்டும். அங்கே நஞ்சு கடலில் கலந்தால், கோடையில் வடக்கே ஓடும் நீரோட்டம் அதை எந்தக் கரைக்குக் கொண்டுவரும்? நானா உங்களுக்குச் சொல்ல வேண்டும்! அதன்பின் உங்கள் இறாலை வாங்குபவர் யார்?

ஏரியிலே பாடு வைத்து, இன்று ஒருவர், நாளை மற்றவர் என்று முறைப்படி வலை விடுகிறீர்கள். அன்பு மட்டுமா காரணம்? அவன் வலையை நாம் அறுத்தால் நம் வலையும் அறுபடும் என்ற அறிவுந்தான். ராஜீவ் காந்தியும் பெனசீர் பூட்டோவும் ஆண்ட காலத்தில், 1988 டிசம்பர் 31ல் இஸ்லாமாபாத்தில் கையெழுத்தான உடன்பாடும் அத்தகையதே: ஒருவர் அணுநிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை! நம்பிக்கையற்றவர்கள் இட்ட கையெழுத்து. அதனாலேயே அதை மதிக்கிறேன். 1992 முதல் ஆண்டுதோறும் சனவரி 1 அன்று நிலையங்களின் பட்டியலை இரு நாடும் மாற்றிக்கொள்கின்றன. 1999 கார்கில் போருக்குப் பிறகும் அது நிற்கவில்லை. ஏட்டிலே ஒரு மூலையில், நாலு வரியில் அந்தச் செய்தி வரும். தேடிப் படியுங்கள்.