குறைந்த விலையில் நல்ல காமிரா
(நம் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிவகிரியிலே ஸ்டுடியோ வைத்திருக்கும் எனக்குப் பெரிய பேச்செல்லாம் வராது. "நீங்க தெரிஞ்சதைப் பேசுங்க, அண்ணாச்சி, போதும்" என்று செயலாளர் சொன்னார். எனக்குத் தெரிந்தது காமிரா. அதிலும் மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சார், கம்மி விலையில நல்ல காமிரா எங்கே கிடைக்கும்?" எங்கே என்பதைவிட எப்படி வாங்குவது என்பதுதான் முக்கியம். அதையே இன்று சொல்லுகிறேன்.

நம் தலைமுறைக்கு இந்தக் கேள்வியே கிடையாது. கிடைத்ததை வாங்கினோம். பரோடாவில் தயாரான ஆக்ஃபா க்ளிக் 3 என்ற பெட்டிக் காமிரா பல வீடுகளில் இருந்தது. 120 பிலிம் போட்டால் சதுரமாகப் பன்னிரண்டு படம். அந்தப் பன்னிரண்டையும் எண்ணி எண்ணித்தான் எடுப்போம். பிலிமுக்கு நம் ஊட்டியிலேயே இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இருந்தது. 1960ல் தொடங்கிய கம்பெனி, 1967ல் உற்பத்தி, 'இந்து' என்ற பெயர். வெளிநாட்டுக் காமிரா வேண்டுமென்றால் சிங்கப்பூர் மாமா வரவேண்டும், அல்லது சென்னை பர்மா பஜாருக்குப் போகவேண்டும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் மக்களுக்காக 1969ல் உண்டான கடைவீதி அது. அங்கே பேரம் பேசத் தெரிந்தவனுக்கு யாஷிகா கிடைக்கும், தெரியாதவனுக்கு உறை மட்டும் கிடைக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். உலகம் முழுவதும் 2010ல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் காமிராக்கள் விற்பனைக்கு அனுப்பப்பட்டன. 2023ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. செல்போன் செய்த வேலை. அப்படியானால் அன்று விற்ற கோடிக்கணக்கான காமிராக்கள் எங்கே? பீரோவில் தூங்குகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. 2018ல் நிக்கானும் கேனனும் புதிய கண்ணாடியில்லாக் காமிராக்களுக்குப் புதிய மவுண்ட் கொண்டு வந்தார்கள். பெரிய ஸ்டுடியோக்காரர்கள் அதற்கு மாறினார்கள். பழைய எஸ்.எல்.ஆர். உடல்களும் லென்ஸ்களும் சந்தைக்கு வந்து குவிந்தன. படத்தின் தரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை, விலைதான் குறைந்தது. கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல காலம் வராது.

ஆனால் இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நம் கல்லூரி மாணவர் ஒருவர், பெயர் வேண்டாம், இரண்டு ஆண்டுக்கு முன் ஒரு காமிராவை என்னிடம் கொண்டு வந்து காட்டினார். நிக்கான் டி 7000. வெளியூரில் ஒருவரிடம் வாங்கியது. "அவ்வளவா எடுக்கலை, வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான்" என்று விற்றவர் சொன்னாராம். நான் ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பில் பதிந்திருக்கும் ஷட்டர் எண்ணிக்கையைப் பார்த்தேன். 1,80,000 தாண்டியிருந்தது. அந்த உடலின் ஷட்டரைக் கம்பெனி ஒன்றரை லட்சம் படத்துக்குத்தான் சோதித்திருக்கிறது. பில் இல்லை, திருப்பித் தர வழியில்லை. அடுத்து வந்த ஆவணி முகூர்த்தத்தில், தாலி கட்டி முடிந்த கொஞ்ச நேரத்தில் ஷட்டர் நின்றுபோனது. கூடப் போனவரிடம் இன்னொரு காமிரா இருந்ததால் மானம் பிழைத்தது. அந்தக் காமிராவுக்காக அவருடைய அம்மாவின் சங்கிலி அடகில் இருந்தது. இதைச் சொல்லத்தான் நான் இங்கே வந்தேன்.

ஆகவே தம்பிகளே, பழைய காமிரா வாங்கும்போது இவற்றைச் செய்யுங்கள்.

முதலாவது, உங்கள் மெமரி கார்டைக் கொண்டு போங்கள். நீங்களே நாலு படம் எடுங்கள். நிக்கானில் அந்தப் படத்தின் கோப்பிலேயே ஷட்டர் எண்ணிக்கை பதிந்திருக்கும். கேனனில் பெரும்பாலும் கோப்பில் இருக்காது, அதற்குத் தனி மென்பொருள் வேண்டும். சாதாரண உடலுக்கு ஒரு லட்சம், உயர்ந்த உடலுக்கு இரண்டு லட்சம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஓடியிருந்தால் தைரியமாகப் பேசலாம்.

இரண்டாவது, லென்ஸை டார்ச் அடித்துப் பாருங்கள். பின்பக்கமிருந்து ஒளி விட்டு, முன்பக்கம் சாய்த்துப் பார்த்தால் சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். மேல் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் பயப்படாதீர்கள், படத்தில் தெரியாது. அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம்!

மூன்றாவது, துளையை எஃப் 16க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம். கரும்புள்ளி விழுந்தால் சென்சாரில் தூசி, அதைத் துடைத்துவிடலாம். பிறகு லென்ஸை மூடி வைத்துப் பத்து விநாடி ஒரு படம். அதில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் நிறைய மின்னினால் யோசியுங்கள்.

நான்காவது, பொருத்தம். கல்யாணத்துக்கு மட்டுமில்லை, லென்ஸுக்கும் பொருத்தம் பார்க்கணும். நிக்கான் டி 3000, டி 5000 வரிசை உடல்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏ.எஃப்.டி. லென்ஸை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். 1987ல் கேனன் மவுண்டை மாற்றியது. அதற்கு முந்தைய எஃப்.டி. லென்ஸ் ஈ.எஃப். உடலில் நேராக மாட்டாது. ஆனால் ஈ.எஃப். லென்ஸ்கள் இன்றைய ஆர்.எஃப். உடலில் ஓர் அடாப்டர் போட்டால் நன்றாக வேலை செய்யும். எனவே ஈ.எஃப். லென்ஸில் போட்ட பணம் வீண் போகாது.

ஐந்தாவது, பில். புதிது வாங்கினாலும் பழசு வாங்கினாலும் எழுத்தில் வாங்குங்கள். காமிராவின் அடியில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். திருட்டுப் பொருள் நம் கையில் வந்து மாட்டிக்கொள்ளக் கூடாது. "பில் இல்லாம ஆயிரம் கம்மி பண்றேன்" என்றால் வாரண்டியும் போச்சு என்று அர்த்தம். டிஜிட்டல் காமிராவுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2019 ஜனவரியில் 18 ஆனது. 59,000 ரூபாய்க் காமிராவில் 9,000 வரி. ஜி.எஸ்.டி. பதிவு செய்த ஸ்டுடியோக்காரர், தொழிலுக்கு வாங்கினால், அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லையென்றால் அதுவும் இல்லை.

இனி, எதை வாங்குவது? கையில் இருக்கிற பணத்தில் பெரும்பகுதியை உடலில் போடாதீர்கள். ஒரு தலைமுறை பழைய உடல், அதோடு ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். பெரும்பாலான கம்பெனிகளில் மலிவான நல்ல லென்ஸ் இதுதான். புது மாடல் வருகிறது என்று செய்தி வந்தால் ஒரு மாதம் பொறுங்கள், பழைய மாடல் இறங்கும். ஆயுதபூஜை, தீபாவளிச் சமயத்தில் கடையிலேயே விலை குறையும்.

வாங்கியதைக் காப்பாற்றுவதும் லாபம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். தோல் உறையில் பூட்டி வைக்காதீர்கள். காற்றுப் புகாத சம்படத்தில் நீல சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அது ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள், சூடாக்கி உலர்த்தினால் திரும்ப நீலமாகும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். சங்கரன்கோவில் ஆடித்தபசு இருக்கிறது, புளியங்குடி எலுமிச்சைச் சந்தை இருக்கிறது, மேற்கே மலை இருக்கிறது. படத்துக்கா பஞ்சம்?

கடைசியாக ஒரு கணக்கு. 60,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,200 ரூபாய் வட்டி மட்டும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியில் இல்லை. வட்டிக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. முதல் காமிராவைக் கடனில் வாங்காதீர்கள். ஒரு சீசன் யாரிடமாவது உதவியாளாகப் போங்கள். தொழிலும் தெரியும், எந்தக் காமிரா நமக்கு வேண்டும் என்பதும் தெரியும். அம்மா கழுத்துச் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும்.

நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் பீரோவில் தூங்கும் காமிராக்களைச் சங்கத்துக்குக் கொடுங்கள். நம் துறை ஒன்றில் வைத்து, நூலகப் புத்தகம் போலப் பிள்ளைகளுக்கு இரவல் கொடுக்கலாம். பூஞ்சை பார்த்து, துடைத்து, சரிசெய்து தருகிற வேலையை நான் காசில்லாமல் செய்து தருகிறேன். விலை குறைந்த காமிரா எது என்று கேட்டார்களே, இலவசத்தைவிடக் குறைந்த விலை உண்டா?